கையளவு மோட்டார் வண்டி



இங்கிலாந்து நாட்டில் 1930களில் செய்யப்பட்ட சிறு மோட்டார் வண்டிப் பொம்மை ஒன்றை ஒருவர் அட்டைப் பெட்டியில் இட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். எந்தக் குழந்தையும் அதைத் தரையில் உருட்டவில்லை. மழைநீர் அதன்மேல் பட்டதில்லை. கைதவறிக் கீழே விழுந்ததுமில்லை. பல ஆண்டுகள் சென்றபின் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். வண்டி முன்னிருந்ததைவிடச் சற்றே பருத்திருக்கிறது, கூரை வளைந்திருக்கிறது, பக்கங்களிலே சிலந்தி வலை போல நுண்ணிய வெடிப்புகள் ஓடுகின்றன. விரலால் பற்றித் தூக்கினால் சக்கரத்தின் மேல்மூடி தனியே கழன்று, உப்புக்கட்டி உதிர்வதுபோல் உதிர்கிறது. இது கற்பனையன்று. பழைய சிறு வண்டிகளைச் சேர்த்துவைப்போர் பலரும் இந்தக் காட்சியைக் கண்டு மனம் நொந்திருக்கின்றனர்.

இரும்பு துருப்பிடிப்பதை நாம் அறிவோம். மரத்தைக் கரையான் அரிப்பதையும் அறிவோம். யாரும் தொடாத ஓர் உலோகப் பொருள் தானே வீங்கித் தானே உடைவது எதனால்? இந்தக் கேள்வியின் பின்னே நடந்து சென்றால், அது நம்மைச் சிகாகோ நகரத்துக்கும், லிவர்ப்பூல் நகரத்துக்கும், ஒருவாறு நம் எண்ணூருக்கும் அழைத்துச் செல்லும். சிறிய மோட்டார் வண்டிகளைக் கையால் செய்வதும், பழுதுபட்டவற்றைச் செப்பனிடுவதும் இன்று பல நாடுகளில் வயதுவந்தோரே ஈடுபடும் பொழுதுபோக்காக வளர்ந்துள்ளன. அதன் வரலாற்றில் சில பகுதிகளையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

சிறு வண்டி தமிழுக்குப் புதிதன்று. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேரைக் காண்கின்றோம். பிள்ளைத்தமிழ் நூல்களோ சிறுதேர் உருட்டுவதற்கென்றே ஒரு பருவத்தை ஒதுக்கின. எனினும் அந்தச் சிறுதேர், தெருவிலே ஓடிய ஏதேனும் ஒரு பெருந்தேரை அளந்து சுருக்கிச் செய்யப்பட்டதன்று. மாதிரி வண்டி என்று நாம் இங்கே சொல்வது அளந்து சுருக்கியது. அளவே அதன் உயிர்.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். 2014ஆம் ஆண்டு வரை நம் நாட்டில் உற்பத்தியான அம்பாசடர் கார் ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளமுடையது. அதனை நாற்பத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினால் 10 சென்டிமீட்டர் வரும்; உள்ளங்கையில் அடங்கிவிடும். இதுவரை எளிது. ஆனால் எடை அவ்வாறு சுருங்குவதில்லை. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் 43 பங்கு குறைவதால், எடை 43ஐ மும்முறை பெருக்கிய அளவுக்கு, அதாவது 79,507 பங்கு குறையவேண்டும். ஏறத்தாழ 1,100 கிலோ எடையுள்ள வண்டி 14 கிராமாகிவிடும்! வார்ப்பட உலோகத்தில் செய்த சிறு வண்டி அதைப்போலப் பல மடங்கு எடையுள்ளது. ஆகவே, கையில் எடுத்ததும் நமக்கு இன்பந்தரும் அந்தக் கனம், அளவுக் கணக்கின்படி பொய்யான கனமே.

வண்ணப்பூச்சும் அவ்வாறே. பொம்மையின்மேல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குப் பூச்சுப் பூசினோம் என்றால், அது உண்மையான காரின்மேல் 4 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கனமுள்ள பூச்சுக்குச் சமம். சுவருக்குச் சாந்து பூசியதுபோல் ஆகிவிடும். கதவின் இடுக்கு, விளக்கின் விளிம்பு எல்லாம் மறைந்துபோகும். இந்த இரண்டு கணக்குகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதற்கணக்கு உங்கள் ஆசிரியரை மகிழ்விக்கும். இரண்டாம் கணக்கைப் பின்னர் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லும்போது திரும்ப எடுத்துக்கொள்வேன்.

நாற்பத்து மூன்று என்ற எண் எங்கிருந்து வந்தது? முழு எண்ணாக நாற்பது என்றோ ஐம்பது என்றோ வைத்திருக்கலாகாதா? இதற்கு விடை பொம்மை இரயிலில் உள்ளது. இங்கிலாந்தில் ஒருவகைப் பொம்மை இரயில்கள் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற அளவில் செய்யப்பட்டன. ஓர் அடி என்பது 304.8 மில்லிமீட்டர். அதை ஏழால் வகுத்தால் 43.5 கிடைக்கிறது. அந்த இரயில் நிலையத்தின் வாயிலில் நிறுத்துவதற்கென்று பிறந்தவையே அந்நாட்டுச் சிறு மோட்டார் வண்டிகள். இரயில் தன் துணைப்பொருளுக்குத் தந்த அளவு, இரயிலை மறந்தபின்னும் வண்டியோடு ஒட்டிக்கொண்டது. வரலாற்றில் இவ்வாறான எச்சங்கள் பல.

நிற்க. வண்டியின் உலோகத்துக்கு வருவோம்.

1893ஆம் ஆண்டு சிகாகோவில் உலகக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. விவேகானந்தர் உரையாற்றிய சர்வசமயப் பேரவை அந்தக் கண்காட்சியை ஒட்டியே கூடியது என்பதை நீங்கள் அறிவீர்கள். அதே கண்காட்சியில் லைனோடைப் என்னும் அச்சுக்கோக்கும் இயந்திரமும் வைக்கப்பட்டிருந்தது. ஈயம், வெள்ளீயம், ஆன்ட்டிமனி ஆகியவை கலந்த உலோகத்தை உருக்கி, ஒரு முழு வரியை ஒரே கட்டியாக வார்த்துத் தரும் இயந்திரம் அது. சலவைத் தொழிலாளருக்காக ஒரு பத்திரிகை நடத்திவந்த டௌஸ்ட் என்னும் குடும்பத்தாருக்கு அதைக் கண்டதும் ஓர் எண்ணம் உதித்தது. எழுத்தை வார்க்கும் உலோகத்தால் பொத்தானை வார்க்கலாகாதா, சிறு பதக்கத்தை வார்க்கலாகாதா என்று எண்ணினர், வார்த்தும் காட்டினர். 1911ஆம் ஆண்டில் ஒரு சிறு மோட்டார் வண்டியையே வார்த்தனர். பின்னாளில் டூட்ஸிடாய் என்று பெயர்பெற்ற அந்த வண்டிகளின் வமிசம், அச்சுக்கூடத்தின் உருக்குச் சட்டியிலிருந்து தொடங்குகிறது. எழுத்தும் வண்டியும் ஒரு தாய் மக்கள் என்பதில் பள்ளி ஆசிரியனாகிய எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

அட்லாண்டிக்குக்கு இப்பால் லிவர்ப்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பி என்பவர் இருந்தார். இறைச்சி இறக்குமதி செய்யும் அலுவலகத்தில் கணக்கெழுதிய எழுத்தர். தம் பிள்ளைகள் விளையாடுவதற்காகத் துளையிட்ட தகட்டுப் பட்டைகளையும் திருகாணிகளையும் செய்து, அவற்றை முடுக்கியும் கழற்றியும் பாலமாகவும் பாரந்தூக்கியாகவும் ஆக்கும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். 1901ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். மெக்கானோ என்ற பெயரில் அது உலகமெங்கும் பரவியது. பொம்மை இரயில்களும் தொடர்ந்தன. 1933ஆம் ஆண்டின் இறுதியில் அந்த இரயில்களுக்குத் துணையாக ஆறு வண்டிகள் வெளியாயின: பந்தயக் கார் ஒன்று, கூரையுள்ள கார் ஒன்று, சரக்கு வண்டி, கடைச் சரக்குகளை வீடுதோறும் கொண்டு செல்லும் வண்டி, உழவுந்து, போர்க்களத்து டாங்கி. அடுத்த ஆண்டே டிங்கி என்ற பெயர் அவற்றுக்குச் சூட்டப்பட்டது.

தொடக்கத்தில் அவ்வண்டிகள் ஈயத்தால் வார்க்கப்பட்டன. ஈயம் 327 பாகை வெப்பத்திலேயே உருகும், வார்ப்பதற்கு எளிது. ஆயினும் அது மெத்தென்றது. குழந்தையின் கையழுத்தத்திலேயே வளையும். குழந்தைகள் பொருள்களை வாயில் வைப்பர் ஆதலின், நஞ்சு என்ற அச்சமும் உண்டு. ஆகவே துத்தநாகக் கலவைக்கு மாறினர். துத்தநாகத்தோடு நூற்றுக்கு நான்கு பங்கு அலுமினியமும், மிகச் சிறிதளவு செம்பும் மக்னீசியமும் சேர்ந்தது அது. எஃகினால் செய்த இரு பாதி அச்சுகளை ஒன்றோடொன்று பொருத்தி, உருகிய கலவையை அழுத்தத்தோடு உள்ளே செலுத்துவர். சில விநாடிகளில் அச்சு விரியும்; வண்டியின் உடல் வெளியே வந்து விழும். ஈயத்தில் காணமுடியாத கூர்மையான விளிம்புகளும், மெல்லிய தூண்களும் இதில் கிடைத்தன. கடினமும் உறுதியும் கிடைத்தன.

அந்த உறுதிக்குள்ளேதான் முதலில் நாம் கண்ட நோய் ஒளிந்திருந்தது.

துத்தநாகம் உருகிய நிலையிலிருந்து குளிரும்போது எண்ணற்ற சிறு படிகமணிகளாக இறுகுகிறது. மணலும் சாந்தும் கலந்த சுவரைப்போல, மணிக்கும் மணிக்கும் இடையே எல்லைக்கோடுகள் அமைகின்றன. கலவையில் சிறிது ஈயம் கலந்துவிட்டால், திடத் துத்தநாகம் அதனைத் தன்னுள் ஏற்றுக்கொள்வதில்லை. ஒதுக்கப்பட்ட ஈயம் அந்த எல்லைக்கோடுகளிலே போய்த் தங்குகிறது. பிறகு காற்றில் உள்ள ஈரம் வேலையைத் தொடங்குகிறது. மணிகளை விட்டுவிட்டு, எல்லைக்கோடுகளின் வழியாக மட்டும் அரிப்பு உள்ளே நுழைகிறது. அரிப்பினால் உண்டாகும் பொருள் உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் வண்டி வீங்குகிறது, வீங்கியது வெடிக்கிறது, வெடிப்பினூடே மேலும் ஈரம் புகுகிறது. மேலே பூசிய வண்ணம் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே அனைத்தும் நடந்து முடிந்துவிடும்.

எவ்வளவு ஈயம் இதற்குப் போதும் என்று கேட்பீர்கள். இக்கலவையில் ஈயம் 0.005 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்பது இந்நாளைய தரவிதி. ஒரு டன் கலவைக்கு 50 கிராம்! ஒரு கைப்பிடிக்கும் குறைவான ஈயம் ஒரு டன் உலோகத்தை ஐயத்துக்குரியதாக்கிவிடும். வெள்ளீயமும் இத்தகைய தீங்கையே செய்யும்.

சரித்திரத்தில் வருந்தத்தக்க பகுதி இதுவே. இந்த உண்மையை விஞ்ஞானிகள் அறியாமல் இல்லை. மாசுகள் துத்தநாக வார்ப்படங்களை வீங்கச் செய்கின்றன என்பது 1920களிலேயே ஆராய்ந்து எழுதப்பட்டுவிட்டது. 1929ஆம் ஆண்டு அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி ஸிங்க் நிறுவனம், மிகத் தூய துத்தநாகத்தைக் கொண்டு ஸமாக் என்ற கலவையை உருவாக்கியது. துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மானியப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்துச் சூட்டிய பெயர் அது. மக்னீசியத்தைச் சிறிதளவு சேர்த்தது மாசுகளின் தீங்கை அடக்குவதற்காகவே. நோயும் தெரிந்தது, மருந்தும் கிடைத்தது. ஆனால் ஆராய்ச்சிச் சாலையில் எழுதப்பட்ட உண்மை, தொழிற்சாலையின் உருக்குச் சட்டி வரை சென்று சேரவேண்டுமன்றோ? ஈயமும் துத்தநாகமும் ஒரே கூரையின்கீழ் வார்க்கப்பட்ட காலம் அது. ஒதுக்கிய வார்ப்படங்களையும் துண்டுதுணுக்குகளையும் மீண்டும் சட்டியில் இட்டு உருக்குவது எங்கும் உள்ள வழக்கம். அந்தத் துணுக்குகளோடு ஓர் ஈயத்துண்டு சேர்ந்து விழுந்தால், சட்டியின் அருகில் நிற்கும் தொழிலாளியின் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அன்று வார்த்த வண்டி அன்று நன்றாகவே இருக்கும். பல ஆண்டுகள் கழித்தல்லவா அது சாட்சி சொல்கிறது!

இந்த நோய் ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்குத் தொற்றும் என்று சிலர் அஞ்சுவதுண்டு. அது பிழை. பிறக்கும்போதே உடன்வந்த குறை அது. அருகில் இருப்பதனால் ஒட்டுவதன்று. வந்துவிட்டால் நீக்கும் வழியும் இல்லை. வெப்பமும் ஈரமும் குறைந்த இடத்தில் வைத்தால் அதன் வேகம் தணியும், அவ்வளவே. நம் கடற்கரை ஊர்களின் காற்று இத்தகைய பொருள்களுக்கு ஏற்றதன்று என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இரண்டாம் உலகப்போரின்போது லிவர்ப்பூல் ஆலை போர்ப்பொருள்களைச் செய்யப் புகுந்தது, பொம்மைகள் நின்றன. போர் முடிந்தபின் வெளிவந்த வண்டிகள் பெரும்பாலும் இந்த நோயினின்று தப்பியவை. அவற்றுள் ஒன்று 1949ஆம் ஆண்டளவில் வெளியான ஆஸ்டின் டெவன் என்னும் நான்கு கதவுக் கார். அதே காலத்தில்தான் நம் எண்ணூரிலே, 1948ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ் ஆலையில், அதே ஆஸ்டின் கார்கள் பாகம் பாகமாக வந்து இறங்கிப் பொருத்தப்பட்டன. அந்த ஆலையே 1955இல் அசோக் லேலண்டு ஆயிற்று. சென்னைச் சாலையில் ஓடிய காரும், கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற பொம்மையும் ஒரே உருவம். என் தாய்மாமன் அங்கே ஃபிட்டராகப் பணியாற்றினார். தாம் நாள்தோறும் திருகாணி முடுக்கிய வண்டியின் சிற்றுருவைக் கடையில் கண்டு, சம்பளப் பணத்தில் ஒன்றை வாங்கினார். வெளிர்நீல வண்ணம். அதைப்பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

போருக்குப் பின் இலண்டனில் லெஸ்லி ஸ்மித், ரோட்னி ஸ்மித் என்ற இரு நண்பர்கள் 1947ஆம் ஆண்டில் ஒரு சிறு வார்ப்படத் தொழிலைத் தொடங்கினர். பெயரில் ஒற்றுமையன்றி அவர்களுக்குள் உறவில்லை. இருவர் பெயரையும் ஒட்டி லெஸ்னி என்று பெயரிட்டனர். மூடப்பட்டுக் கிடந்த ஒரு மதுக்கடையே அவர்களது முதல் ஆலை. ஜாக் ஓடெல் என்னும் கைவல்லார் அவர்களோடு சேர்ந்தார். அவருடைய மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்று ஒரு விதி இருந்ததாம். தந்தையார் தீப்பெட்டிக்குள் அடங்கும் பித்தளைச் சாலை உருளை ஒன்றைச் செய்து கொடுத்தார். அதைக் கண்ட மற்றக் குழந்தைகள் எல்லாரும் கேட்டனர். 1953ஆம் ஆண்டு மேட்ச்பாக்ஸ் வண்டிகள் பிறந்தன. ஒரு தலைமையாசிரியர் இட்ட கட்டுப்பாட்டினால் உலகத்துக்கு ஒரு நன்மை விளைந்தது என்பதை எடுத்துச் சொல்லும் வாய்ப்பு எங்களைப் போன்றோர்க்கு அடிக்கடி கிடைப்பதில்லை. ஆகையால் அதனை இங்கே விடாமல் சொல்லிவிட்டேன்.

1956இல் கார்கி வண்டிகள் கண்ணாடிச் சன்னல் போன்ற ஒளிபுகும் பிளாஸ்டிக்கோடு வந்தன. 1968இல் அமெரிக்காவிலிருந்து விரைந்து உருளும் ஹாட் வீல்ஸ் வந்தது. போட்டி பெருகியது, பழைய ஆலைகள் தளர்ந்தன. லிவர்ப்பூல் ஆலை 1979ஆம் ஆண்டு மூடப்பட்டது. லெஸ்னி 1982இல் நொடித்தது. அதற்கு முன்னரே, 1960களின் பிற்பகுதியில், டிங்கி வண்டிகளின் பழைய எஃகு அச்சுகள் சில கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்தன. அங்கே நிக்கி என்ற பெயரில் அவ்வண்டிகள் மீண்டும் வார்க்கப்பட்டன. நம் நாட்டுப் பிள்ளைகள் சிலர் லிவர்ப்பூல் அச்சில் கல்கத்தா உலோகத்தை உருட்டி விளையாடினர்.

இதுவரை சொன்னது ஆலையில் பிறந்த வண்டிகளைப் பற்றி. தம் கையாலேயே வண்டியைச் செய்தவர்களும் உண்டு. அவர்களுள் அமெரிக்க இளைஞர் கூட்டம் ஒன்றை மட்டும் சொல்வேன். ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவான ஃபிஷர் நிறுவனம் மோட்டார் வண்டிகளுக்கு உடற்கூடு கட்டிவந்தது. அந்நிறுவனம் 1930ஆம் ஆண்டு ஒரு போட்டியைத் தொடங்கியது. நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டி ஒன்றின் மாதிரியைப் பள்ளிப் பருவத்து இளைஞர் தம் கையாலேயே செய்து அனுப்பவேண்டும். சக்கரத்தின் ஆரக்கால், கதவின் கீல், இருக்கையின் மெத்தை, பூவேலை யாவும் சொந்த உழைப்பாகவே இருத்தல் வேண்டும். நாட்டைப் பொருளாதார வீழ்ச்சி வாட்டிய காலம் அது. வென்றவருக்குப் பல்கலைக்கழகக் கல்விக்கான உதவித்தொகை பரிசு. கல்லூரியைக் கனவிலும் காணமுடியாத வீட்டுப் பிள்ளைகள், அடுக்களை மேசையின்மேல் மரத்தையும் தகட்டையும் செதுக்கிக்கொண்டு நள்ளிரவு வரை அமர்ந்திருந்தனர்.

1937ஆம் ஆண்டு முதல், எதிர்காலத்து மோட்டார் காரைத் தாமே கற்பனை செய்து பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் வடிக்கும் பிரிவும் சேர்ந்தது. 1947ஆம் ஆண்டு அதில் பரிசு பெற்ற சார்லஸ் ஜோர்டன் என்னும் இளைஞர், பின்னாளில் அதே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். 1968ஆம் ஆண்டு போட்டி நிறுத்தப்பட்டது. ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும்: அந்தப் போட்டி முழுக்க ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே. நுண்ணிய கைவேலையில் பெண்மக்களின் விரல் எவ்வளவு தேர்ந்தது என்பதை என் பள்ளியின் கைத்தொழில் வகுப்பிலே பல்லாண்டு கண்டவன் நான். முப்பத்தெட்டு ஆண்டுகளில் எத்தனை நல்ல கைகளை அப்போட்டி வெளியே நிறுத்திவிட்டது என்று எண்ணாமல் இருக்கமுடியவில்லை.

இனி, செப்பனிடும் கலைக்கும் என் தாய்மாமன் வாங்கிய ஆஸ்டினுக்கும் வருகின்றேன்.

எனக்கு ஏழு வயதானபோது மாமா அதை எனக்குக் கொடுத்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல வெளிர்நீலம் ஆங்காங்கே உதிர்ந்தது. இரப்பர்ச் சக்கரங்கள் இறுகி வெடித்தன. 1976ஆம் ஆண்டு, என் பதினாறாம் வயதில், அதைப் புதியதாக்கி மாமாவிடம் காட்டவேண்டும் என்ற ஆவல் எழுந்தது. வண்ணத்தை நீக்க என்ன வழி? சவர்க்காரம் காய்ச்சுவதற்காக வாங்கி வைத்திருந்த காஸ்டிக் சோடா வீட்டில் இருந்தது. பழைய வாளியில் கரைத்து வண்டியை உள்ளே போட்டேன். துத்தநாகம் அமிலத்தோடும் வினைபுரியும், காரத்தோடும் வினைபுரியும் என்று பாடநூலில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். வாளியின் முன் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை. வண்ணம் கழன்றது, உலோகமும் கறுத்துப் புள்ளி புள்ளியாக அரிக்கப்பட்டது. (கையில் பட்டால் தோலையும் அது விடாது, வீட்டில் யாரும் இதை முயலவேண்டா.) பின்னர் உப்புத்தாள் கொண்டு தேய்த்தேன். அடித்தகட்டையும் விடவில்லை. பளபளப்பாகும் வரை தேய்த்து, சைக்கிளுக்குப் பூசும் பச்சை வண்ணத்தைத் தூரிகையால் இரண்டு முறை பூசினேன். முன்னே சொன்ன இரண்டாம் கணக்கு இங்கேதான் வருகிறது. கதவுக் கோடுகள் மூழ்கின; முகப்பின் கம்பிகள் ஒன்றாயின.

மாமா அதைக் கையில் வாங்கினார். முன்புறம் பார்த்தார், பக்கம் பார்த்தார், பிறகு திருப்பி அடித்தகட்டைப் பார்த்தார். அங்கே அவர் ஊசியினால் தம் பெயரின் முதலெழுத்தையும் ஒரு தேதியையும் கீறி வைத்திருந்தார். உப்புத்தாள் அதை முழுதும் தின்றுவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நல்லாத்தான் இருக்கு, மருமகனே" என்று சொல்லி என்னிடமே திருப்பித் தந்தார். அந்தத் தேதி எந்த நாளைக் குறித்தது என்று கேட்க எனக்கு நாவெழவில்லை. பின்னர்க் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன். அவரும் மறைந்தார்.

முறையறிந்து செப்பனிடுவோர் எவ்வாறு செய்கின்றனர் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே கற்றேன். முதலில் வண்டியை எல்லாப் பக்கமும் படம் எடுப்பர். அடித்தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலையை மட்டும் மெல்லத் துளையிட்டு நீக்குவர். மீண்டும் பொருத்தும்போது மறைவான இடத்தில் சிறு திருகாணி வைப்பர். வண்ணத்தை நீக்க, உலோகத்தைத் தொடாத கரைப்பானையே தேடுவர். புதுப்பூச்சை மூடுபனி போல் மிக மெல்லியதாகத் தெளித்து, உலரவிட்டு, மீண்டும் தெளிப்பர். இல்லாத பாகங்களை வெண்மை உலோகத்தில் வார்ப்பர். இந்நாளில் முப்பரிமாண அச்சுக் கருவியிலும் செய்துகொள்கின்றனர். நோயுற்று உதிரும் உடலாயின், அது முற்றும் சிதைவதற்குள் அச்சு எடுத்துப் பிசினில் ஒரு நகல் வார்த்து வைப்பாரும் உளர்.

இவர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. வண்ணம் உதிர்ந்த வண்டியை மீண்டும் பூசுவதா, இருக்கிறபடியே விடுவதா? பூசவேண்டும் என்போர், வண்டி ஆலையிலிருந்து வெளிவந்த நாளின் அழகைக் காணவேண்டும் என்பர். பூசலாகாது என்போர், அந்த நாளுக்குப் பின் நடந்ததும் வரலாறுதானே என்பர். இதில் பணமும் கலந்துள்ளது. அரிய பழைய டிங்கி வண்டிகள் ஏலத்தில் பத்தாயிரம் பவுனுக்கு மேலும் விலைபோயுள்ளன. ஆகவே சாதாரண வண்டிக்கு அரிய வண்ணத்தைப் பூசிப் பழையதென்று விற்கும் வஞ்சகரும் தோன்றிவிட்டனர். நேர்மையாகச் செப்பனிடுவோர், தாம் புதிதாகப் பூசியதை வண்டியின் உட்புறத்திலோ உடன் வைக்கும் சீட்டிலோ எழுதிவைக்கின்றனர். மிகச் சிதைந்ததைச் செப்பனிடலாம். சிறிதே உதிர்ந்ததைத் தொடலாகாது என்பது என் நிலை. எங்கே அந்த எல்லை என்று கேட்டால், ஒவ்வொரு வண்டியையும் கையில் வைத்துப் பார்த்தே சொல்லமுடியும்.

அந்த ஆஸ்டின் இன்னும் என்னிடம் உள்ளது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு இரும்பு அலமாரியில் வைத்திருக்கின்றேன். உடன் ஒரு சீட்டும் உண்டு. எண்ணூர் ஃபிட்டர் ஒருவர் வாங்கியது, முதல் வண்ணம் வெளிர்நீலம், 1976இல் மருமகன் பச்சை பூசினான், அடித்தகட்டில் இருந்த எழுத்தும் தேதியும் அப்போது அழிந்தன என்று எழுதியிருக்கின்றேன். பச்சையை இப்போது முறைப்படி நீக்கி நீலம் பூசித் தருவதாக என் பழைய மாணவர் ஒருவர் சொன்னார், வேண்டா என்றேன். கூரையின் உட்புறத்தில், ரிவெட் தூணுக்குப் பின்னே, நகக்கண் அளவு இடத்தில் காரமும் உப்புத்தாளும் எட்டாத பழைய வெளிர்நீலம் இருக்கிறது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.